சாவுக் கணக்கு பேசுகிறது!

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வகுப்பில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட விஷயம் சாவு. சந்தோஷமான விஷயம் அல்ல. ஆனாலும் பேசித்தான் தீரவேண்டும்.

கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னால் வாசலில் ஒரு தோழர் என்னை நிறுத்தினார். ஆலையில் ரிங் பிரேமில் வேலை செய்கிறவர். "தோழரே, செத்தவன் செத்துப் போனான். அவனை எண்ணிப் பார்த்து என்ன ஆகப் போகிறது? இருக்கிறவனுக்குக் கூலி உயர வழி சொல்லுங்கள்" என்றார்.

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்வதுதான் என் பேச்சு முழுவதும்.

அந்தத் தோழரை நான் திருப்பிக் கேட்கிறேன். நீங்கள் எட்டு மணி நேரம் வேலை செய்கிறீர்கள். அதற்கு மேல் ஒரு மணி நேரம் நிற்கிறீர்கள். அந்த ஒரு மணி நேரம் புத்தகத்தில் ஏறவில்லை. அதற்குக் கூலி உண்டா? இல்லை. விவசாயத் தோழர்களைக் கேட்கிறேன். களத்தில் அளக்காத நெல்லுக்குப் பங்கு கேட்க முடியுமா? முடியாது.

சாவும் அப்படித்தான். கணக்கில் ஏறாத சாவுக்கு நஷ்ட ஈடு இல்லை. விசாரணை இல்லை. அடுத்த தடவை அதே ஆபத்து வரும்போது தடுப்பதற்கு ஏற்பாடும் இல்லை. "யாரும் சாகவில்லையே, எதற்கு ஆஸ்பத்திரி? எதற்குச் செலவு?" என்று கேட்டுவிடுவார்கள்.

இரண்டு விதமான கணக்கு

ஒரு கொள்ளை நோய் வருகிறது. பஞ்சம் வருகிறது. புயல் அடிக்கிறது. வெயில் கொளுத்துகிறது. எத்தனை பேர் செத்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வழி, ஒவ்வொரு பிணத்துக்கும் காரணம் எழுதி, அந்தக் காரணத்தை மட்டும் கூட்டுவது. இந்த நோயால் இத்தனை பேர், அந்த நோயால் இத்தனை பேர் என்று சொல்வது. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் காரணத்தை எழுதுகிறவர் யார்? டாக்டர். டாக்டரே பார்க்காமல் குடிசையில் செத்தவனுக்கு? பரிசோதனையே செய்யாமல் செத்தவனுக்கு? நமது நாட்டில் 2021-ம் ஆண்டில் பதிவான சாவுகளில், டாக்டர் காரணம் எழுதிச் சான்று கொடுத்தவை நூற்றுக்குச் சுமார் 23 மட்டுமே. மீதி 77 பேர் எதனால் செத்தார்கள்? "காய்ச்சல்", "மூச்சுத் திணறல்", "வயோதிகம்" என்று வீட்டார் சொன்னதுதான்.

இன்னொரு வழி இருக்கிறது. காரணத்தைப் பற்றி முதலில் கவலைப்படாதே. மொத்தச் சாவை எண்ணு. சாதாரண காலத்தில் எத்தனை பேர் சாவார்களோ அதைக் கழி. மிஞ்சுவது எவ்வளவு என்று பார். இதற்குத்தான் 'கூடுதல் சாவு' என்று பெயர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணத்துக்காக நானாகச் சொல்வது. ஒரு தாலுகா. அங்கே ஐந்து வருஷமாக மே மாதத்தில் மட்டும் செத்தவர்கள் 98, 104, 100, 97, 101. கூட்டினால் 500. ஐந்தால் வகுத்தால் 100. ஆக, அந்தத் தாலுகாவில் மே மாதம் என்றால் சுமார் 100 சாவு என்பது வழக்கம். இந்த வருஷம் மே மாதத்தில் 260 பேர் செத்துவிட்டார்கள். அதிகாரி சொல்கிறார்: "விஷக் காய்ச்சலில் 30 பேர் இறந்தனர். நிலைமை கட்டுக்குள் இருக்கிறது."

260-ல் 100 போனால் 160. அதிகாரியின் 30-ஐயும் கழித்தால் 130. அந்த 130 பேர் ஏன் செத்தார்கள்? காலன் வழி தவறி வந்துவிட்டானா? இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு டாக்டர் பட்டம் வேண்டாம். கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும். காரணத்தைப் பேனாவால் மாற்றிவிடலாம். சுடுகாட்டுக்குப் போன பிணங்களின் எண்ணிக்கையை மாற்றுவது அவ்வளவு சுலபம் அல்ல.

இந்த முறை நேற்று வந்தது அல்ல. இங்கிலாந்தில் பிறப்பு இறப்புப் பதிவு இலாகாவில் வேலை பார்த்த வில்லியம் ஃபார் என்பவர் 1847-ல் லண்டனில் இன்புளுயன்சா பரவியபோதே இப்படிக் கணக்குப் பார்த்தார். இன்புளுயன்சா என்று எழுதப்பட்ட சாவுகளைக் காட்டிலும் வழக்கத்துக்கு மேற்பட்ட சாவுகள் பல மடங்கு என்று கண்டார்.

லண்டன் நகரில் கரிப் புகை

பஞ்சு தூசியையும் புகையையும் தினமும் விழுங்கும் ஆலைத் தோழர்களுக்காக ஒரு சம்பவம் சொல்கிறேன்.

1952 டிசம்பர் 5-ந் தேதி. லண்டன் நகரத்தில் கடுங்குளிர். காற்று அசையவில்லை. வீட்டுக்கு வீடு அடுப்பில் நிலக்கரி எரிகிறது. நல்ல கரி ஏற்றுமதிக்குப் போய்விட்டது. ஜனங்களுக்குக் கிடைத்தது மட்டமான கரி. மின்சார நிலையங்களும் தொழிற்சாலைகளும் கக்கிய புகை மேலே போகாமல் நகரத்தின் மீதே கவிந்தது. ஐந்து நாள் பகலிலும் இருட்டு. பஸ்கள் ஓடவில்லை. கால்நடைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்த மாடுகள் மூச்சு முட்டிச் செத்தன. 9-ந் தேதி காற்று வீசியது, புகை கலைந்தது.

லண்டன்காரர்களுக்குப் பனிமூட்டம் புதிதல்ல. "வழக்கமானதுதான், கொஞ்சம் அதிகம்" என்று நினைத்தார்கள். தெருவில் பிணங்கள் விழுந்து கிடக்கவில்லை. கிழவர்களும், குழந்தைகளும், நெஞ்சு நோயாளிகளும் அவரவர் வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் செத்தார்கள். ஒவ்வொரு டாக்டரும் தன் நோயாளி செத்ததைத்தான் கண்டார். மொத்தத்தை யாரும் காணவில்லை.

பதிவுப் புத்தகம் கண்டது. டிசம்பர் 13-ந் தேதியுடன் முடிந்த வாரத்தில் பெரிய லண்டன் பகுதியில் பதிவான சாவுகள் 4,703. முந்திய வருஷம் அதே வாரத்தில் 1,852 தான்! ஒரே வாரத்தில் 2,851 அதிகம். முதலில் வெளிவந்த மதிப்பு, புகையால் சுமார் 4,000 பேர் என்றது. அதோடு நின்றதா? இல்லை. அடுத்த மார்ச் மாதம் வரையில் சாவு வழக்கத்துக்கு மேலேயே இருந்தது. "அது இன்புளுயன்சா" என்று சர்க்கார் சொல்லியது. அரை நூற்றாண்டு கழித்து, 2001-ல் விஞ்ஞானிகள் அந்தப் பழைய புத்தகங்களை மறுபடியும் எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். இன்புளுயன்சாவைக் கொண்டு அவ்வளவு சாவுக்கும் சமாதானம் சொல்ல முடியாது. மொத்தம் சுமார் 12,000 பேர் இருக்கும் என்றார்கள்.

அந்தக் கணக்கு வீண் போகவில்லை, தோழர்களே! 1956-ல் இங்கிலாந்தில் சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. நகரங்களில் கரிப் புகைக்குக் கட்டுப்பாடு வந்தது. "4,000" என்ற அந்த எண் இல்லாவிட்டால் அந்தச் சட்டத்தை யார் கேட்டிருப்பார்கள்?

வங்காளத்தில் பட்டினி என்ற நோயே இல்லை!

இப்போது நமது நாட்டுக்கு வருவோம். 1943-ல் வங்காளத்தில் நடந்தது நம்முடைய முன் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். யுத்த காலம். அரிசி விலை ஏறிக்கொண்டே போயிற்று. கூலி ஏறவில்லை. அரிசி இருந்தது, வாங்கக் காசு இல்லை. கல்கத்தாவில் ஆலைகளிலும் ஆபீசுகளிலும் வேலை செய்தவர்களுக்குக் கட்டுப்பாட்டு விலையில் அரிசி கிடைக்க ஏற்பாடு இருந்தது. கிராமத்து விவசாயத் தொழிலாளிக்கு, மீனவனுக்கு, நெல் குத்திப் பிழைத்த பெண்ணுக்கு அந்த ஏற்பாடு இல்லை. அதிகம் செத்தவர்கள் அவர்கள்தான்.

பிரிட்டிஷ் சர்க்காரிடம் பஞ்சச் சட்ட விதிகள் இருந்தன. பஞ்சம் என்று பிரகடனம் செய்தால் நிவாரண வேலை கொடுக்க வேண்டும். உணவு கொடுக்க வேண்டும். ஆகவே பஞ்சம் என்று பிரகடனமே செய்யவில்லை!

சரி, செத்தவர்களின் காரணப் பட்டியலைப் பார்த்தால் என்ன தெரிந்தது? காலரா, மலேரியா, வைசூரி, பேதி, காய்ச்சல். 1943 கடைசியில் காலராவும் மலேரியாவும், 1944 ஆரம்பத்தில் வைசூரியும் ஜனங்களை வாரிக்கொண்டு போயின. வயிறு காய்ந்த உடம்பில் எந்த நோயும் எளிதில் ஏறும். பெரும்பாலோர் நோயால்தான் செத்தார்கள். ஆனால் அந்த நோயிடம் அவர்களைப் பிடித்துக் கொடுத்தது பட்டினி. காரணத்தை மட்டும் எண்ணினால் பட்டினி தப்பித்துக்கொள்கிறது. மொத்தச் சாவை எண்ணினால் பிடிபடுகிறது.

எப்படிப் பிடிபட்டது? 1945-ல் வெளிவந்த பஞ்ச விசாரணைக் கமிஷன் அறிக்கை இந்த முறையைத்தான் கையாண்டது. முந்திய ஐந்து வருஷங்களில் வங்காளத்தில் வருஷத்துக்குச் சராசரியாகப் பதிவான சாவுகள் சுமார் 11.8 லட்சம். 1943-ல் பதிவானவை 18.7 லட்சத்துக்கு மேல். கூடுதல் சுமார் 6.9 லட்சம். இது பதிவானது மட்டும்.

பதிவு செய்தவர் யார்? கிராமத்துச் சௌகிதார்; நமது ஊர்த் தலையாரி மாதிரி. அற்பச் சம்பளம். பஞ்சத்தில் சௌகிதாரும் பட்டினி கிடந்தான். பல ஊர்களில் அவனும் செத்தான், அல்லது ஊரை விட்டு ஓடினான். சாவை எழுத வேண்டியவனே செத்துப்போனால் சாவை எழுதுவது யார்? வழியில் விழுந்து செத்த அனாதைகளை எந்தக் கிராமத்தில் எழுதுவது? இதையெல்லாம் கமிஷனே ஒப்புக்கொண்டு, பதிவாகாதவர்களையும் உத்தேசமாகச் சேர்த்துச் சுமார் 15 லட்சம் பேர் என்று சொல்லிற்று.

அதுவும் முழுக் கணக்கு அல்ல. கமிஷன் 1944 பாதியோடு எண்ணுவதை நிறுத்திவிட்டது. ஆனால் சாவு நிற்கவில்லை. வழக்கத்துக்கு மேற்பட்ட சாவு 1946 வரையில் தொடர்ந்தது என்று பின்னால் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டினார். அவருடைய மதிப்பு சுமார் 30 லட்சம். எங்கே எண்ண ஆரம்பிக்கிறோம், எங்கே நிறுத்துகிறோம் என்பதில் 15 லட்சம் உயிர்கள் மறைந்துபோக முடியும்! இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புயல் போன பிறகும் சாவு

பணக்கார நாடுகளில் இப்படி நடக்காது என்று எண்ண வேண்டாம். போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் ஆளுகையில் இருக்கும் தீவு. 2017 செப்டம்பரில் மரியா என்ற புயல் அதை அடித்து நொறுக்கியது. அதிகார பூர்வமாகச் சொன்ன சாவு 64. வீடு இடிந்து செத்தவனையும் வெள்ளத்தில் போனவனையும் எண்ணினார்கள். ஆனால் மாதக் கணக்கில் மின்சாரம் இல்லை. ஆக்சிஜன் இயந்திரம் ஓடவில்லை. சிறுநீரக நோயாளிக்கு ரத்தச் சுத்திகரிப்பு இல்லை. மருந்து கெட்டுப்போயிற்று. இப்படிச் செத்தவர்களைப் புயல் கொல்லவில்லையா?

2018-ல் ஒரு பல்கலைக்கழகம், கூடுதல் சாவுக் கணக்குப் போட்டு ஆறு மாதத்தில் 2,975 பேர் என்று சொன்னது. ஏழைகள் வாழும் ஊர்களில் ஆபத்து அதிகமாகவும் நீண்ட காலமும் இருந்தது என்றும் கண்டது. தீவின் சர்க்கார் தன்னுடைய 64-ஐக் கைவிட்டு 2,975-ஐ ஏற்றுக்கொண்டது. கணக்கின் பலம் அதுதான்!

கொரோனாக் காலத்தில் நம் கணக்கு

தோழர்களே, இனி நாம் எல்லோரும் கண்ணால் கண்ட விஷயம். 2020, 2021-ம் ஆண்டுகள்.

2020 மார்ச்சில் நாலு மணி நேர அவகாசத்தில் நாடு பூட்டப்பட்டது. வேலை போயிற்று. வெளியூர்த் தொழிலாளர்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்து நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்கள். மே 8-ந் தேதி மகாராஷ்டிரத்தில் ஔரங்காபாத் அருகே, நடந்து களைத்துத் தண்டவாளத்தில் படுத்துத் தூங்கிய 16 தொழிலாளர்கள் மீது சரக்கு ரயில் ஏறிற்று. அவர்கள் கொரோனாவில் சாகவில்லை. ஆனால் கொரோனா ஊரடங்கு இல்லாவிட்டால் அவர்கள் அங்கே படுத்திருப்பார்களா? அந்த வருஷம் செப்டம்பரில், ஊர் திரும்பும் வழியில் எத்தனை தொழிலாளர்கள் இறந்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். அப்படிப்பட்ட விவரம் இல்லை என்று சர்க்கார் பதில் சொன்னது!

காசநோயைப் பாருங்கள். ஆலைத் தொழிலாளிக்கும் கூலிக்காரனுக்கும் பழைய எதிரி. 2019-ல் நாட்டில் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். 2020-ல் சுமார் 18 லட்சம். நோய் குறைந்ததா? இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வழி இல்லை, கண்டுபிடிப்பதுதான் குறைந்தது. சிகிச்சை இல்லாமல் செத்தவர்கள் எந்தக் கொரோனாப் பட்டியலிலும் வரமாட்டார்கள். ஆனால் கூடுதல் சாவில் வருவார்கள்.

2021 ஏப்ரல், மே மாதங்களை மறக்க முடியுமா? ஆக்சிஜன் இல்லை. படுக்கை இல்லை. சுடுகாட்டில் வரிசை. கங்கைக் கரையில் பிணங்கள் ஒதுங்கின. அந்த வருஷம் முழுவதும் கொரோனாவால் இறந்தவர்கள் என்று அதிகார பூர்வமாகச் சொன்ன கணக்கு சுமார் 3.3 லட்சம்.

இப்போது பதிவுப் புத்தகத்தைத் திறப்போம். இது சர்க்காரின் சொந்தப் புத்தகம். 2021-ம் ஆண்டுக் கணக்கு 2025 மே மாதத்தில்தான் வெளிவந்தது. நாடு முழுவதும் பதிவான சாவுகள்:

2019-ல் சுமார் 76.4 லட்சம்.
2020-ல் சுமார் 81.2 லட்சம்.
2021-ல் சுமார் 1 கோடியே 2 லட்சம்.

ஒரே வருஷத்தில் 21 லட்சம் அதிகம்! நியாயமாகப் பேச வேண்டும், தோழர்களே. இந்த 21 லட்சமும் கூடுதல் சாவு என்று நான் சொல்லமாட்டேன். பதிவு செய்யும் பழக்கம் வருஷா வருஷம் வளர்ந்து வந்திருக்கிறது; அதனாலும் எண்ணிக்கை ஏறும். 2018-க்கும் 2019-க்கும் இடையே, கொரோனா இல்லாமலே, சுமார் 7 லட்சம் ஏறிற்று. அந்த 7 லட்சத்தை முழுவதும் கழித்துவிடுங்கள். அப்போதும் 14 லட்சம் மிஞ்சுகிறது. 3.3 லட்சம் எங்கே, 14 லட்சம் எங்கே?

இதிலும் பதிவாகாத சாவுகள் சேரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதத்தில் தன் மதிப்பை வெளியிட்டது. 2020, 2021 இரண்டு வருஷத்தில் உலகம் முழுவதும் கூடுதல் சாவு சுமார் 1 கோடியே 49 லட்சம். உலக நாடுகள் கொரோனாச் சாவு என்று அறிவித்திருந்தது சுமார் 54 லட்சம். இந்தியாவில் மட்டும் கூடுதல் சாவு சுமார் 47 லட்சம். குறைந்தது 33 லட்சம், அதிகபட்சம் 65 லட்சம் இருக்கலாம் என்றார்கள். இந்திய சர்க்கார் இதை ஏற்கவில்லை. கணக்குப் போட்ட முறையே தவறு என்றது. தவறு இருக்கட்டும். சரியான கணக்கு என்ன? அதைச் சொல்ல வேண்டிய பதிவுப் புத்தகம் நாலு வருஷம் ஏன் வெளிவரவில்லை?

எண் வெறும் எண் அல்ல. கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் உதவி என்று உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டால் 2021-ல் ஏற்பாடு ஆயிற்று. சான்றிதழில் "கொரோனா" இல்லாத குடும்பங்கள் ஆபீஸ் ஆபீசாக அலைந்தன. குஜராத்தில் அதிகார பூர்வமான சாவு சுமார் 10,000. உதவி கேட்டு வந்த மனுக்கள் 2022 ஆரம்பத்திலேயே 80,000-ஐத் தாண்டின! இதுதான், தோழர்களே, கணக்குக்கும் கஞ்சிக்கும் உள்ள சம்பந்தம்.

இந்தக் கணக்கிலும் குறை உண்டு

எதிரே இருப்பவர்கள் கேட்கக்கூடிய கேள்விகளை நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

ஜனத்தொகை பெருகினால் சாவும் பெருகும். ஆகவே பழைய சராசரியை அப்படியே வைத்துக் கழிக்கக் கூடாது; ஆயிரம் பேருக்கு எத்தனை என்று பார்க்க வேண்டும்.

ஆபத்துக் காலத்தில் சில சாவுகள் குறைவதும் உண்டு. ஊரடங்கில் லாரியும் பஸ்ஸும் ஓடாததால் சாலை விபத்துச் சாவு 2019-ல் சுமார் 1.51 லட்சமாக இருந்தது 2020-ல் சுமார் 1.32 லட்சமாகக் குறைந்தது. ஆகவே கூடுதல் சாவு என்பது வரவும் செலவும் சேர்ந்த நிகரக் கணக்கு.

இந்த முறை "எத்தனை" என்று சொல்லும். "எதனால்" என்று தனியாகச் சொல்லாது. நோயால் எத்தனை, சிகிச்சை கிடைக்காமல் எத்தனை, பசியால் எத்தனை என்று பிரித்து அறிய வீடு வீடாகப் போய் விசாரிக்க வேண்டும். ஆனால் விசாரிக்க வேண்டும் என்பதையே இந்த எண்தான் நமக்குச் சொல்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, புத்தகம் சரியாக இருந்தால்தான் கணக்கு சரியாக இருக்கும். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் பத்துச் சாவுகளில் சுமார் ஏழுதான் பதிவாகின்றன. விடுபடுகிறவர் யார்? சொத்து உள்ளவன் செத்தால் வாரிசுகள் மறுநாளே சான்றிதழுக்கு ஓடுகிறார்கள்; பட்டா மாற்ற வேண்டும், பாங்கிப் பணம் எடுக்க வேண்டும். ஒன்றுமில்லாத கூலிக்காரி செத்தால் யார் ஓடுகிறார்கள்? ஆணைவிடப் பெண்ணின் சாவு குறைவாகவே பதிவாகிறது. உயிரோடு இருந்தபோது கூலிக் கணக்கில் குறைத்தார்கள். செத்த பிறகு சாவுக் கணக்கிலும் விட்டுவிடுகிறோம்!

எண்ணியதால் பிழைத்தவர்கள்

எண்ணுவதால் உயிர் பிழைக்குமா? பிழைக்கும். அகமதாபாத் நகரத்தைப் பாருங்கள். பஞ்சாலைகளுக்குப் பேர்போன ஊர். 2010 மே மாதத்தில் அங்கே வெயில் 46.8 டிகிரிக்கு ஏறிற்று. வெயிலில் செத்தவன் சான்றிதழில் "வெயில்" என்று இருக்காது. மாரடைப்பு என்று இருக்கும். காய்ச்சல் என்று இருக்கும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆராய்ச்சியாளர்கள் அந்த மாதத்து மொத்தச் சாவை எடுத்து வழக்கமான சாவைக் கழித்தார்கள். 1,344 பேர் அதிகம் செத்திருந்தார்கள்!

அந்த எண்ணைக் கண்ட பிறகு நகரசபை சும்மா இருக்க முடியவில்லை. 2013-ல் வெயில் பாதுகாப்புத் திட்டம் வந்தது. முன்கூட்டியே எச்சரிக்கை, குடிதண்ணீர்ப் பந்தல், ஆஸ்பத்திரிகளில் ஏற்பாடு, வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு எச்சரிக்கை. அதனால் வருஷத்துக்குச் சராசரி 1,190 சாவு தவிர்க்கப்பட்டதாகப் பின்னால் வந்த ஆய்வு மதிப்பிட்டது. நாற்று நடும் தாய்மார்களே, கரும்பு வெட்டும் தோழர்களே, நமது ஊரில் வெயிலில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று நாம் எண்ணியிருக்கிறோமா?

நாம் செய்ய வேண்டியது

பெரிய ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். நான்கு காரியம் போதும்.

முதலாவது, நம் குடும்பத்தில், நம் தெருவில் யார் இறந்தாலும் 21 நாளைக்குள் பதிவு செய்ய வேண்டும். 1969-ம் ஆண்டுச் சட்டப்படி இது கட்டாயம். இந்தக் கெடுவுக்குள் சொன்னால் கட்டணம் இல்லை. கிராமத்தில் கிராம நிர்வாக அதிகாரியிடம், நகரத்தில் நகராட்சி ஆபீசில் சொல்லுங்கள். வீட்டில் சாவு நேர்ந்தால் சொல்ல வேண்டிய பொறுப்பு குடும்பத்தினருடையது. சொத்து இல்லையே, எதற்குச் சான்றிதழ் என்று இருந்துவிடாதீர்கள். கிழவியானாலும், கைக்குழந்தையானாலும், வேலை தேடி வந்த வெளியூர்க்காரனானாலும் பதிவு செய்யுங்கள்.

இரண்டாவது, கடைசியாகப் பார்த்த டாக்டரிடம் காரணம் எழுதிய சான்றைக் கேட்டு வாங்குங்கள். ஆலையில் என்ன வேலை செய்தார், எத்தனை வருஷம் பஞ்சு தூசியில் நின்றார், எந்த வயலில் மருந்து அடித்தார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஒவ்வொரு சங்கக் கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்க வேண்டும். தேதி, வயது, ஆணா பெண்ணா, என்ன வேலை, எத்தனை நாள் நோய், எங்கே செத்தார், பதிவு ஆயிற்றா? ஏழு கட்டம், வேறொன்றும் வேண்டாம். ஒரு கிளையின் நோட்டில் எண்ணிக்கை சிறியது. அதிலிருந்து அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. ஒரு தாலுகா முழுவதும் சேர்த்து, ஐந்து வருஷம் எழுதி வைத்தால், ஆறாவது வருஷம் அது பேசும்.

நான்காவது, மாதா மாதம் மொத்தச் சாவுக் கணக்கைத் தாமதம் இல்லாமல் வெளியிட வேண்டும் என்று கேட்க வேண்டும். இங்கிலாந்தில் 1952-லேயே வாரா வாரம் கணக்குக் கிடைத்தது. நமக்கு 2021-ம் ஆண்டுக் கணக்கு 2025-ல்! வீடு எரிந்து முடிந்து நாலு வருஷம் கழித்து மணி அடித்தால் யாருக்குப் பிரயோஜனம்?

ரிங் பிரேமில் வேலை செய்யும் அந்தத் தோழருக்கு இப்போது பதில் சொல்கிறேன். செத்தவன் செத்துத்தான் போனான். அவனை நாம் எண்ணுவது அவனுக்காக அல்ல. அவன் பெண்டாட்டி பிள்ளைகள் உதவிப் பணம் கேட்டு ஆபீசுக்குப் போகும்போது கையில் ஒரு காகிதம் வேண்டும், அதற்காக. அவன் நின்ற மெஷினில் நாளைக்கு நிற்கப்போகிற பையன் சாகாமல் இருக்க வேண்டும், அதற்காக. கூலிக்கு ரசீது கேட்கிறோம். உயிருக்குக் கணக்குக் கேட்க வேண்டாமா?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு கிளையும் நோட்டோடு வரவேண்டும். முதல் பக்கத்தில், இரண்டு வருஷமாக உங்கள் தெருவில் இறந்தவர்களில் பதிவாகாமல் இருப்பவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு வாருங்கள். கெடு தாண்டினாலும் கட்டணம் கட்டி, மனுக் கொடுத்து, பதிவு செய்ய வழி இருக்கிறது. அங்கிருந்து ஆரம்பிப்போம்.